சனிக்கோளிலிருந்து வந்த கல்யாணப் பெண்

“‘அந்த நேரம் பார்த்து நம்ம ஹீரோயின் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டாங்க, என்ன பண்றது, பொம்பளைப் பிள்ளையை நம்பி ராக்கெட் விட்டா இப்படித்தான் பாதி வழியில நிக்கும்.’ இதைத்தாங்க அந்தக் கேப்டன் சிடியில சொன்னான். ஒரு எழுத்து நான் கூட்டலை, ஒரு எழுத்து குறைக்கலை. சொல்லிட்டு இளிக்கிறான் வேற. உங்க காதுல விழுந்துச்சா இல்லையா?”

“விழுந்துச்சு கிளாரா. இன்னொரு தோசை இருந்தா போடு.”

“தோசை! ஊருக்கெல்லாம் சிடி போட்டு வித்து என்னை ஓடுகாலின்னு சொல்றான், உங்களுக்குத் தோசை!”

சூசைராஜ் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே தற்காப்பு அதுதான், பெண்டாட்டி கத்தும்போது தட்டைப் பார்ப்பது. கிளாரா தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் அவளுக்குப் பதிலாகச் சீறியது.

தெருவுக்கு ஒரு டிவி இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், “சனிக்கோளில் ஒரு சாயங்காலம்” என்று ஒரு தொடர் வந்தது. ராக்கெட்டில் போகும் கேப்டனும் அவனுக்கு வழி சொல்லும் மேகலை என்ற பெண்ணும் கோள் கோளாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு வாரம் வந்து மறுவாரம் வராமல், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. நின்றுபோனதாலேயே அதற்குப் பெரிய பெயர் வந்தது, முடிந்திருந்தால் எல்லோரும் மறந்திருப்பார்கள். அன்றைக்கு வாயைப் பிளந்துகொண்டு பார்த்த பிள்ளைகள் இன்றைக்கு வழுக்கை விழுந்து, இஎம்ஐ கட்டி, ‘அந்த மேகலை என்னதான் ஆனாள்’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒரு கம்பெனிக்காரன் எடுத்தவரைக்கும் சிடி போட்டான். எடுக்காத இடங்களில் கேப்டன் வேஷம் போட்ட ஆனந்தரூபனையே வெல்வெட் நாற்காலியில் உட்காரவைத்து, தலைக்குக் கருமை பூசி, பக்கத்தில் பிளாஸ்டிக் உலக உருண்டை ஒன்றை வைத்து, மீதிக் கதையைச் சொல்லச் சொன்னான். ஆனந்தரூபனும் தாராளமாகச் சொன்னார். எழுதிவைத்த கதை எங்கே போனதோ, வாய்க்கு வந்ததைச் சொன்னார். கடைசியாக இப்படி முடித்தார்:

“மேகலை பூமிக்கே திரும்பி வந்துட்டா. நல்ல பையனாப் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. யார் எது சொன்னாலும் சரின்னு சொல்லி, சந்தோஷமா இருந்தா. சுபம்.”

அந்த மேகலைதான் கிளாரா. கான்வென்டில் பேச்சுப்போட்டி என்றால் முதல் பரிசை வேறு யாரும் தொடமுடியாது என்று சிஸ்டர்கள் பெருமைப்பட்ட பெண், பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து கால்புள்ளி அரைப்புள்ளியோடு ஒப்பிப்பாள் என்று கேள்விப்பட்டுத் தொடர் எடுத்தவர்கள் வந்து கூட்டிப்போன பெண். டைட்டிலில் தயாரிப்பாளர் அவளுக்குக் கவிதாஸ்ரீ என்று பெயர் வைத்துவிட்டதால், வில்லிவாக்கம் பூங்காவனம் குடியிருப்பில் மீன்காரனிடம் செவுளைக் காட்டிச் சண்டை போடும் கிளாராதான் அது என்று அவள் புருஷனைத் தவிர ஒரு ஜீவனுக்கும் தெரியாது.

சிடி விற்பனைக்கு வந்த மறுநாள் காலை, குடியிருப்பில் எந்த வீட்டிலும் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ஓடுகிறது, குழாய் இருமுகிறது, தண்ணீர் இல்லை. குடத்தோடும் வசவோடும் எல்லோரும் கீழே இறங்கிவந்து நடுமுற்றத்தில் இருக்கும் பெரிய தொட்டியை அண்ணாந்து பார்த்தபோது, அதன் மேல் ராக்கெட் உட்கார்ந்திருந்தது.

“அதானே பார்த்தேன், தொட்டி மூடி மேலயே இறக்கியிருக்காங்க. மூச்சு போக வழியில்லாம தண்ணி எப்படி வரும்?” என்றாள் தரைத்தளத்து ஜமீலா. எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. நாலு ஆண்கள் ஏறி ராக்கெட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்தார்கள், தண்ணீர் வந்தது, அவரவர் குளிக்கப் போனார்கள்.

கிளாரா மட்டும் பால் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிளைவுட்டில் அடித்து வெள்ளிப் பெயின்ட் பூசிய அந்த ராக்கெட்டின் மூக்கில் குக்கர் விசில் இருந்தது. ஜன்னலுக்குச் சட்டம் வைத்திருந்த இட்லித் தட்டு அவள் அம்மா வீட்டுத் தட்டு, ஷூட்டிங்குக்கு என்று வாங்கிப்போய்த் திருப்பித் தராத தட்டு. ராக்கெட்டின் கதவு திறந்து, பத்தொன்பது வயதில், இடுப்பு இருந்த இடத்தில் இடுப்போடும், வெள்ளி உடுப்போடும், இடது புருவத்தின் மேல் பவுடர் போட்டு மறைத்த பருவோடும், அவளே இரும்பு ஏணியில் இறங்கிவந்தாள். இறங்கிவந்து எல்லோரையும் பார்த்துக் கைகூப்பி, “நான் பூமிக்கே திரும்பி வந்துட்டேன்” என்றாள்.

“வாம்மா, காபி சாப்பிட்டியா?” என்றாள் ஜமீலா.

“சரி” என்றாள் மேகலை.

செக்ரட்டரி பத்மநாபன் சங்கத்தின் விதிமுறைகளை எடுத்துப் பார்த்தார். ராக்கெட்டுக்கு இருசக்கர வண்டிக்கான இடம் ஒதுக்குவதா நான்குசக்கர வண்டிக்கான இடமா என்பதுதான் முதல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் பொருள். சக்கரமே இல்லாத வண்டிக்கு விதி இல்லை என்று தெரிந்ததும், தொட்டிமேலேயே இருக்கட்டும், ஆனால் யாரும் அதில் துணி உலர்த்தக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். மறுநாளே மூன்றாம் பிளாக்கிலிருந்து ராக்கெட்டின் மூக்குக்குக் கொடி கட்டியாயிற்று. கரண்ட் போகும் சாயங்காலங்களில் அந்த இட்லித் தட்டு ஜன்னல்கள் வழியாக வெளிச்சம் வந்ததால், பெண்கள் அதன் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்கள், கத்தரிக்காயில் புழு பார்த்தார்கள். சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் எள் தீபத்தோடு வந்து தொட்டியைச் சுற்றினார்கள். பகவான் இருக்கும் இடத்திலிருந்தே நேராக வந்தவள் என்பதால் கோயில் வரிசையில் நிற்பதைவிட இது சீக்கிரம் பலிக்கும் என்று பேச்சு பரவியது. அவளுக்கு எதிரில் காக்கைக்குச் சோறு வைத்தார்கள். காக்கைகளும் சும்மா சொல்லக்கூடாது, இரண்டு வேளையும் வந்தன.

சாப்பாட்டுக்குத்தான் முதலில் குழப்பம் வந்தது. யார் வீட்டில் சாப்பிடுவாள், யார் போடுவது என்று இழுபறியானபோது, கத்தோலிக்க வீடுகளின் ஜெபக்கூட்டமான அன்பியத்துப் பெண்கள்தான் வழி சொன்னார்கள். ஜெபமாலை மாதத்தில் மாதா சுரூபம் ஒரு வீட்டில் ஒரு நாள் என்று பிளாக் பிளாக்காகச் சுற்றிவருமே, அந்த முறையில் இவளையும் வீட்டுக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். ஆக, குடை பிடித்து, பூப்போட்டு, ஒரு வீட்டார் கொண்டுபோய் அடுத்த வீட்டில் விட, அவர்கள் வாசலில் ஆரத்தியோடு வாங்கிக்கொள்ள, மேகலை வீடு வீடாகப் போனாள். மாதாவிடம் கேட்பதையெல்லாம் அவளிடமும் கேட்டார்கள். பையனுக்கு அமெரிக்க விசா, மகளுக்குச் சுகப்பிரசவம், மாமியாருக்கு ஒரு நல்ல முடிவு. எல்லாவற்றுக்கும் அவள் “சரி” என்றாள். மாதா ஒருநாளும் வாய்திறந்து இப்படிச் சொன்னதில்லை என்று அன்பியத்துப் பெண்களே ரகசியமாக ஒத்துக்கொண்டார்கள்.

அப்புறம், ஒரு பெண் தனியாக இருக்கிறாள், வயது இருக்கிறது, எதற்கும் சரி என்கிறாள் என்றால் ஒரு குடியிருப்பு என்ன செய்யுமோ அதைச் செய்தார்கள். மாப்பிள்ளை பார்த்தார்கள்.

பார்த்ததும் தூரத்தில் இல்லை, பத்மநாபனின் அக்கா மகன் நந்தகுமார்தான். கம்ப்யூட்டர் வேலை, சொந்த ஃபிளாட், ஒரு பழக்கமும் கிடையாது, அதனாலேயோ என்னவோ பெண் அமையாமல் முப்பத்தாறு தாண்டிவிட்டது. சாதி என்ன என்று கேட்டவர்களிடம் பத்மநாபன், “சனிக்கோள்ல ஏது சார் சாதி, நாமளா ஒண்ணு போட்டுக்க வேண்டியதுதான்” என்று தன் சாதியையே போட்டுக்கொண்டார். நந்தகுமாரின் அம்மாவுக்குத்தான் பயம், சனியையே வீட்டுக்குக் கூட்டிவருவதா என்று. ஜோசியர் சிரித்துவிட்டார். “அது பொண்ணோட பிறந்த வீடும்மா. மாப்பிள்ளையை எந்த மாமனாராவது படுத்துவாரா? உங்க பிள்ளைக்கு இனி ஆயுசுக்கும் ஏழரை கிடையாது.” அந்த அம்மாள் அன்றைக்கே புடவை எடுக்கப் போய்விட்டாள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த நாட்களில் கிளாராவுக்குத் தூக்கமில்லை. தன் முகம் ஊரெல்லாம் ஆரத்தி வாங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். பக்கத்தில் வந்து நின்ற ஜமீலா, “கிளாராக்கா, அந்தப் பொண்ணு மூக்கு உங்க மூக்கு மாதிரி இல்ல?” என்று ஒருநாள் கேட்டாள், கேட்டுவிட்டுத் தானே, “சீ, இல்ல, அது எடுப்பா இருக்கு” என்றும் சொல்லிக்கொண்டாள்.

சுற்று முறையில் மேகலை கிளாரா வீட்டுக்கு வந்தாள். சூசைராஜ் அன்றைக்கு ஷிப்டு மாற்றிக்கொண்டு காலையிலேயே தொழிற்சாலைக்குக் கிளம்பிவிட்டார். கிளாரா ஆரத்தி எடுக்கவில்லை. கதவைச் சாத்தினாள்.

“உட்காரு.”

“சரி.”

“சாப்பிடு.”

“சரி.”

“ஏண்டி, கழுத்தை நீட்டுன்னு சொன்னா அதையும் நீட்டுவியா?”

“சரி.”

கரண்டி சுவரில் போய் விழுந்தது. “அந்த வார்த்தையை என் வீட்டுக்குள்ள சொன்னே, நடக்கிறதே வேற! பேச்சுப்போட்டியில முதல் பரிசு வாங்கின வாய்டி அது. அந்த வாயில ஒரே ஒரு வார்த்தையைத் திணிச்சு அனுப்பியிருக்கான் பாரு, படுபாவி!”

மேகலை வஞ்சிரத் துண்டைப் பிட்டுத் தின்றாள், முள்ளை ஓரமாக வைத்தாள், கிளாராவும் முள்ளை அப்படித்தான், சீப்புப் பல் மாதிரி வரிசையாக அடுக்குவாள். பிறகு அந்தப் பெண், குடியிருப்பில் ஒருவரும் அதுவரை அவள் வாயிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

“வானத்திலேருந்து ஒரு ஆள் விழுந்தாரே. எழுந்துட்டாரா?”

கிளாரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்தப் பெண்ணுக்கு அதுவரைக்கும்தான் தெரியும். கடைசியாக எடுத்தது ராக்கெட் சனியை நெருங்கும் காட்சி, கேமராவைப் பார்க்காமல் கேமராவுக்கு மேலே இருக்கும் நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டிய காட்சி. நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் மூங்கில் பரண் மேல் லைட்மேன் ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தார், காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். கேப்டன் முகத்தில் நிழல் விழுகிறது, இன்னும் முன்னால் வா, இன்னும் முன்னால் வா என்று கீழேயிருந்து சொல்லச் சொல்ல, அவர் பரணின் விளிம்புக்கு வந்து, விளக்கோடு விழுந்தார். கேமரா அதைப் பார்க்கவில்லை. மேகலையின் கண் பார்த்தது. அதற்கப்புறம் படம் இல்லை, அதனால் அவளுக்கு அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

“எழுந்திருக்கலைடி” என்றாள் கிளாரா. கோபத்தில் அவள் குரல் மெலிந்துபோயிருந்தது. “வாசல்ல கேப்டனோட ஃபியட் கார் நின்னுச்சு. சாவியும் அவர் கையிலதான் இருந்துச்சு. சீட்டு கவர் புதுசு, ரத்தம் பட்டாப் போகாதுன்னாரு. மீன்பாடி வண்டியில ஏத்தி ஆள் மாத்தி ஆள் மிதிச்சுக்கிட்டுப் போனாங்க. கோடம்பாக்கம் பாலம் ஏறுறதுக்குள்ள போயிட்டாரு. கேப்டன் அதே கார்ல வீட்டுக்குப் போனாரு. மறுநாள் லைட்டுக்காரங்க, செட்டுக்காரங்க, டீ கொடுக்கிறவர் உட்பட எல்லாரும் நியாயம் கேட்டு ஸ்டுடியோ வாசல்ல உட்கார்ந்தாங்க. நானும் உட்கார்ந்தேன். இதே டிரெஸ்ஸோட. மாத்துத் துணி உள்ள மாட்டிக்கிச்சு, கேட்டைப் பூட்டிட்டாங்க. ரோட்டுல போற பஸ்ஸெல்லாம் நின்னு பார்த்துச்சு. எங்கம்மா வந்து முடியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா. இப்படி ஒரு பொண்ணு தெருவுல உட்கார்ந்தப்புறம் யார் கட்டுவான்னு, கேட்ட முதல் ஆளுக்குக் கொடுத்துட்டா. ஷூட்டிங் நின்னுதான் எனக்குக் கல்யாணம் ஆச்சு. கல்யாணம் ஆனதால ஷூட்டிங் நிக்கலை. புரியுதா? புரியுதுன்னு சொல்லு. சரின்னு சொல்லாதே.”

சொல்ல மேகலைக்கு வேறு வார்த்தை கொடுக்கப்படவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்து வெள்ளி உடுப்பில் ஒட்டாமல் உருண்டு விழுந்தது.

கல்யாணத் தேதி குறிக்கும் கூட்டத்துக்குக் கிளாரா நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு போனாள்.

“இந்தக் கல்யாணம் வேண்டாம் செக்ரட்டரி சார். அந்தப் பொண்ணுக்கு வேற வேலை இருக்கு.”

“என்ன மேடம் வேலை?”

“அவ சனிக்குப் போகணும். கதை அதுதான். முழுக் கதையும் எனக்குத் தெரியும், கடைசி வரைக்கும் வசனம் மனப்பாடம். ஏன்னா, நான்தான் அவ.”

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கூட்டம் சிரித்த சிரிப்பில் தொட்டிமேல் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. தொட்டிமேல் ராக்கெட் இறங்கியதை ஒரு குடம் தண்ணீர் பிடிக்கும் நேரத்துக்குள் ஏற்றுக்கொண்ட ஜனங்கள், பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைக்கு ஒரு காலத்தில் பத்தொன்பது வயது இருந்தது என்பதை மட்டும் நம்பமாட்டேன் என்றார்கள்.

“அக்கா, நீங்களும் ஒரு காலத்துல நல்லாத்தான் இருந்திருப்பீங்க, அதுக்குன்னு...” என்றாள் ஜமீலா, ஆறுதலாகத்தான்.

கிளாரா புருஷனைப் பார்த்தாள். சூசைராஜுக்கு எதிரில் தட்டு இல்லை, அதனால் தரையைப் பார்த்தார்.

“ஷட் அப், ஆல் ஆஃப் யூ!” என்று கான்வென்ட் கத்தல் கத்திவிட்டு அவள் வெளியே வந்தாள். வீட்டில் அன்றைக்கு நடந்தது தனிக் கச்சேரி.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னங்க? ‘ஆமா, இவதான்’ன்னு ஒரு வார்த்தை. வாய் தேஞ்சா போயிடும்?”

“சொன்னா, தெருவுல உட்கார்ந்த கதையும் வெளிய வருமே கிளாரா.”

“வரட்டுமே. அது ஒண்ணுதான் நான் உருப்படியாப் பண்ணின காரியம்!”

அன்று சூசைராஜ் சாப்பிடவில்லை.

பத்திரிகை அடித்தார்கள். பெண் வீட்டார் சார்பில் குடியிருப்போர் நலச் சங்கம் என்று போட்டார்கள். சிடி கம்பெனிக்காரன் சேதி கேட்டுக் குதித்துக்கொண்டு வந்து, ஷாமியானா என் செலவு, பந்தி என் செலவு, நம்ம கேப்டனே நேரில் வந்து தாலி எடுத்துக் கொடுப்பார், அதையும் படம் பிடித்து அடுத்த பதிப்பில் சேர்த்துவிடலாம் என்றான். இரண்டு கேமராக்கள் வந்தன. விளக்குகள் வந்தன. தொட்டியைச் சுற்றிப் பெரிய கூரையாக ஷாமியானாவும், முன்னால் மேடையும், மேடைக்கு நேராக மூங்கில் பரணும் எழுந்தன. கிளாரா அந்தப் பரணைப் பார்த்தாள். மேலே ஒரு ஆள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், வெறுங்காலோடு.

முகூர்த்தம் காலை ஒன்பதுக்கு. பெண்ணை அவள் வீட்டிலிருந்துதான் அழைத்துவர வேண்டும் என்று முறை பேசி, மேகலையை மறுபடியும் ராக்கெட்டுக்கே ஏற்றி அனுப்பியிருந்தார்கள். வெள்ளி உடுப்பு என்ன செய்தும் கழலவில்லை என்பதால் அதன் மேலேயே கூறைப்புடவையைச் சுற்றியிருந்தார்கள். கீழே நாதஸ்வரம். ஆனந்தரூபன் பட்டு வேட்டியில் வந்து இறங்கினார், புதுக் கார். பிள்ளைகள் “கேப்டன், கேப்டன்” என்று கத்தின. ஏணி அடியில் தாம்பாளங்களோடு பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். அந்த வரிசையைத் தோளால் பிளந்துகொண்டு கிளாரா வந்தாள், புடவையைத் தூக்கிச் செருகினாள், ஏணியில் கால் வைத்தாள்.

“மேடம், மேடம், பொண்ணை இறக்க சுமங்கலி வேணும்னா நாங்களே...” என்று பத்மநாபன் ஓடிவந்தார்.

“நானும் சுமங்கலிதான், அந்தா நிக்கிறார் பாருங்க என் தாலி” என்றாள் கிளாரா, திரும்பாமலே.

ஏணியை யாரோ பிடித்துக்கொண்டார்கள். பார்த்தால் சூசைராஜ். “படி வழுக்கும். பார்த்து ஏறு” என்றார்.

மூட்டுவலியும், இளைப்பும், பாதி ஏணியில் வந்த தலைசுற்றலுமாக அவள் மேலே போய்ச் சேர்ந்தாள். மேகலை ராக்கெட்டின் கதவில், கழுத்தில் மாலையோடு, இறங்கச் சொன்னால் இறங்கத் தயாராக நின்றாள். கிளாரா மூச்சு வாங்கினாள். பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, மேடைக்குப் பின்னால் நின்று மறந்த பிள்ளைக்கு அடியெடுத்துக் கொடுப்பதுபோல் சொன்னாள்:

“கேப்டன், நீங்க திரும்பிப் போங்க.”

மேகலையின் புருவம் அசைந்தது. உதடு அசைந்தது. சொன்னாள், ஆனால் அது காதோடு சொல்கிற குரல் இல்லை, பள்ளி மண்டபத்தின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் குரல்:

“கேப்டன், நீங்க திரும்பிப் போங்க.”

நாதஸ்வரம் நின்றது.

“இந்த வளையத்துல இருக்கிற கல்லையெல்லாம்...” என்றாள் கிளாரா.

“இந்த வளையத்துல இருக்கிற கல்லையெல்லாம் நான் எண்ணப்போறேன். எண்ணி முடிக்காம வரமாட்டேன்.”

“எண்ணி முடிச்சுட்டா வருவியான்னு நீங்க கேட்பீங்க.”

“எண்ணி முடிச்சுட்டா வருவியான்னு நீங்க கேட்பீங்க.” அதற்குமேல் அடியெடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மேகலை மாலையைக் கழற்றி இட்லித் தட்டு ஜன்னலின் மேல் மாட்டினாள். “வரமாட்டேன். மறுபடியும் முதல் கல்லிலேருந்து எண்ணுவேன். என்னை யாரும் மறந்துட்டுப் போகலை. நானா இங்கே இருக்கேன். அப்படியே எழுதுங்க.”

சொல்லிவிட்டுக் கூறைப்புடவையை அவிழ்த்து மடித்துக் கிளாராவின் கையில் கொடுத்தாள். அவளைப் பார்த்துச் சிரித்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குக்கர் விசில் ஒருமுறை அடித்தது. மூன்றாம் பிளாக் கொடியைத் துணிகளோடு பிடுங்கிக்கொண்டு, ஷாமியானாவின் ஒரு மூலையைத் தூக்கி எறிந்துவிட்டு, ராக்கெட் நல்ல வெயிலில் மேலே போயிற்று. யாரும் ஆச்சரியப்படவில்லை. வந்தது போகிறது, அவ்வளவுதான். ஆனால் எல்லோருக்கும் கோபம் வந்தது.

“என் பையன் பெட்ஷீட்டு!” என்றார்கள் மூன்றாம் பிளாக்கில். நந்தகுமாரின் அம்மா மேடையிலேயே உட்கார்ந்து அழுதாள். நந்தகுமார் மட்டும் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, ராக்கெட் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்து, “நல்லாப் பேசினாங்க” என்றான், அவன் அம்மா அவனைக் கிள்ளினாள். கிளாரா ஏணியில் இறங்க இறங்கக் கீழேயிருந்து வசவு ஏறிவந்தது. பொறாமை பிடித்தவள். சின்னப்பெண் வாழ்வைக் கெடுத்தவள். தான் வாழ்ந்த வாழ்க்கை போதாதென்று.

ஆனந்தரூபன்தான் மைக்கைப் பிடித்து நிலைமையைச் சமாளித்தார். கூட்டத்தைச் சமாளிப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. “அமைதி, அமைதி. இதுவும் அழகான முடிவுதான். வசனம் எல்லாம் அந்தக் காலத்துல நான் உட்கார்ந்து மெருகேத்தினது. நம்ம ஹீரோயின் மட்டும் அன்னைக்கு அவசரப்பட்டுக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போகாம இருந்திருந்தா...”

கிளாரா மேடைக்கு வந்துவிட்டாள். கையில் கூறைப்புடவை. மைக்கைக் கேட்டு வாங்கவில்லை, பிடுங்கினாள்.

“கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனவ வந்திருக்கேன் சார்.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். புன்னகை கொஞ்சம் தாமதித்து வந்தது. “நீங்க... மன்னிக்கணும் அம்மா, ஞாபகம்...”

“அவதான் சார் இவ” என்றார் சூசைராஜ் ஏணி அடியிலிருந்து, தொண்டை கிழிய. கல்யாணமான நாளிலிருந்து அவர் குரல் அவ்வளவு உயர்ந்து அந்தக் குடியிருப்பில் யாரும் கேட்டதில்லை. “அன்னைக்கு ஸ்டுடியோ வாசல்ல உட்கார்ந்தவ. என் பெண்டாட்டி.”

கூட்டம் அவளையே பார்த்தது. ஜமீலா வாயில் கைவைத்து அவள் மூக்கை மறுபடி பார்த்தாள். கேமராக்கள் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன.

“என்னை மறந்தது போகட்டும். எனக்கு ஒண்ணும் குறைஞ்சுபோகலை” என்றாள் கிளாரா. “காலையிலேருந்து உங்க தலைக்கு மேல பரண்ல நின்னு, உங்க மூஞ்சியில நிழல் விழாம வெளிச்சம் பிடிச்ச ஆள் ஒருத்தர். உங்களுக்காகத்தான் முன்னால வந்தார், உங்க எதிர்லதான் விழுந்தார், உங்க கார்லதான் ஏத்த விடலை. அதனாலதான் தொடர் நின்னுச்சு. அது உங்களுக்கும் தெரியும். நான் காரணம்னு சிடி போட்டு வித்துக்கோங்க, பரவாயில்லை. அவர் பேர் என்ன? அதை மட்டும் இந்த மைக்ல சொல்லிட்டுப் போங்க.”

ஆனந்தரூபன் கம்பெனிக்காரனைப் பார்த்தார். கம்பெனிக்காரன் பத்மநாபனைப் பார்த்தான். பத்மநாபன் சமையல்காரரைப் பார்த்து, பந்தி போடலாமா என்று சைகை செய்தார், சமையல்காரர் அசையவில்லை. பரண்மேல் நின்ற ஆள் விளக்கை மெதுவாகத் திருப்பிக் கேப்டனின் முகத்துக்கு நேராக வைத்தார். மைக் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. கிளாரா அதை அவர் வாய்க்குக் கிட்டே கொண்டுபோய்ப் பிடித்தாள்.

“முழுசா வேண்டாம் சார். முதல் எழுத்தை மட்டுமாவது சொல்லுங்க, மீதியை நான் எடுத்துக் கொடுக்கிறேன்.”